எந்த ஊசி நல்ல ஊசி?

நமது ஊர்களிலே புதியதொரு வினா கேட்கப்படுகின்றது. உதட்டைப் பெருப்பிக்கவும் முகத்தின் சுருக்கங்களை மறைக்கவும் தோலின் கீழே ஊசியால் ஏற்றப்படும் களிவகைகளிலே எது சிறந்தது, ஜூவெடெர்மா ரெஸ்டிலேனா, என்பதே அவ்வினா. நல்லூர்த் திருவிழாக் காலத்திலே லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்திறங்கும் உறவினர் இதனைப் பேசுகின்றனர். அவர்கள் திரும்பிப் போன பின்னர், அவர்தம் ஒன்றுவிட்ட சகோதரிகள் வட்டுக்கோட்டையிலும் சங்கானையிலும் சித்தங்கேணியிலும் இருந்துகொண்டு கைத்தொலைபேசியிலே அப்பேச்சைத் தொடர்கின்றனர். "இது மெல்லிசாய் நிக்குமாம், மற்றது வீங்குமாம்" என்கிறாள் ஒருத்தி. "இல்லையடி, மற்றதுதான் கனநாளைக்கு நிக்குமாம்" என்கிறாள் மற்றொருத்தி. இவ்வினாவை இவர்கள் வாயிலே வைத்தவர் யார், இது கேட்கப்படுவதனாலே கேட்கப்படாமற் போகும் வினாக்கள் எவை என்பவற்றை விசாரிப்பதற்கே இக்கட்டுரை.

முதலிலே பண்டத்தைப் பார்ப்போம். இக்களிகளுக்கு அடிப்படையாயுள்ள ஹயலூரோனிக் அமிலம் நமது உடலுக்கு அந்நியமானதன்று. தோலிலும் கண்ணிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே உள்ளது. நீரைப் பற்றி வைத்துக்கொள்வது அதன் குணம். 1934இலே நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே கார்ல் மேயர், ஜோன் பாமர் என்னும் இருவர் மாட்டின் கண்ணிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். பின்னர் சேவலின் கொண்டையிலிருந்து எடுத்தனர். இப்பொழுது பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு உண்டாக்குகின்றனர். கண்புரைச் சத்திரசிகிச்சையிலே கண்ணின் உட்பாகங்களைக் காப்பதற்கும், தேய்ந்த முழங்கால் மூட்டிலே ஏற்றுவதற்கும் இதே பொருள் பயன்படுகின்றது. எயிட்ஸ் நோய்க்கு ஆளாகிக் கன்னம் ஒட்டிப்போனவர்கள், தம்மைக் கண்டவுடனே ஊரார் நோயை இனங்கண்டு விலகுவதிலிருந்து தப்புவதற்காக, வேறொரு வகை நிரப்பு மருந்தை 2004இலே அமெரிக்க அரசு அங்கீகரித்தது. விஞ்ஞானத்தோடு நமக்கு வழக்கில்லை. போரிலே முகம் சிதைந்த ஒருவருக்கு வைத்தியர் ஊசி ஏற்றுவாராயின், அவ்வூசியைக் கும்பிடவும் நாம் ஆயத்தம்.

இனி, இரண்டு பண்டங்களுக்கும் இடையிலே உள்ள வேறுபாடு. இயல்பான நிலையிலே உட்செலுத்தினால் உடல் இவ்வமிலத்தை விரைவிலே கரைத்துவிடும். தனி ஓலையிலும் பின்னிய கடகம் நெடுநாள் நிற்பது போல, அமிலத்தின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் அது மாதக்கணக்கிலே நிற்கும். ரெஸ்டிலேனிலே அமிலம் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம். ஜூவெடெர்ம் அல்ராவிலே 24. முன்னது அரித்தெடுத்த சிறு துணிக்கைகளாக இருக்கும். பின்னது ஒரே சீரான பாகாக இருக்கும். பிணைக்கும் இரசாயனமோ இரண்டிலும் ஒன்றே. இரண்டிலும் வலி தெரியாதிருக்க மரப்பு மருந்து கலந்த வகைகளும் உண்டு. ஜேர்மனியின் பெலொற்றெரோவும் இவற்றின் ஒன்றுவிட்ட சகோதரமே. களியின் இறுக்கம், இளக்கம் பற்றிய அறிவு ஊசி பிடிக்கும் வைத்தியருக்குத் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. எந்த மரத்துக்கு எந்த உளி என்பதைத் தச்சன் அறிந்திருத்தல் வேண்டும். கதிரையிலே அமரப்போகிறவர் உளிகளின் பெயரைச் சொல்லிச் சண்டையிடுவதை எங்கேனும் கண்டோமா? இங்கே காண்கிறோம். அப்படிச் சண்டையிடச் செய்வதே வியாபாரத்தின் வெற்றி.

அவ்வியாபாரிகள் யாவர் என்பதையும் சிறிது கேளுங்கள். ரெஸ்டிலேன் சுவீடனின் உப்சாலா நகரிலே பிறந்தது. 1996இலே ஐரோப்பாவிலும் 2003இலே அமெரிக்காவிலும் சந்தைக்கு வந்தது. அதனைச் செய்த கம்பனியை 2011இலே கால்டெர்மா விழுங்கியது. கால்டெர்மாவோ 1981இலே நெஸ்லேயும் லோரியலும் சேர்ந்து பெற்ற பிள்ளை. 2014இலே நெஸ்லே அதனை முழுமையாகத் தன்னுடையதாக்கிக் கொண்டது. 2019இலே ஏறக்குறைய 1,000 கோடி சுவிஸ் பிராங்குக்கு முதலீட்டாளர் கூட்டமொன்றுக்கு விற்றது. 2024இலே பங்குச் சந்தைக்கு வந்ததும் லோரியல் திரும்பி வந்து பத்திலொரு பங்கை வாங்கிக்கொண்டது. பிரான்சிலே பிறந்த ஜூவெடெர்ம் அலர்கன் கம்பனியின் கைக்குப் போய், 2020இலே ஏறக்குறைய 6,300 கோடி டொலர் விலையிலே அலர்கனோடு சேர்ந்து ஆபிவீயின் சொத்தாகிவிட்டது. "இதுவா, அதுவா" என்று நமது பெண் இரவிரவாக யோசிக்கும்போது, இதிலும் இலாபம், அதிலும் இலாபம் என்று கணக்கெழுதிக்கொண்டு உறங்குகின்றவர்கள் இவர்களே.

நெஸ்லே என்ற பெயர் நமது சந்திக் கடைகளின் பால்மாப் பெட்டியிலே எல்லோரும் வாசித்த பெயர். 1977இலே அமெரிக்காவிலே அக்கம்பனிக்கு எதிராகப் பகிஷ்காரம் தொடங்கியது. வறிய நாட்டுத் தாய்மாரிடம் தாய்ப்பாலின் மீதிருந்த நம்பிக்கையைக் குலைத்துப் புட்டிப்பாலை விற்றது என்பதே குற்றச்சாட்டு. 1981இலே உலக சுகாதார மாநாடு தாய்ப்பாலுக்குப் பதிலான மாவகைகளின் விற்பனைக்கு விதிமுறை வகுத்தது. அன்று முலையிலே குறை கண்ட தருக்கமும் இன்று உதட்டிலே குறை காணும் தருக்கமும் ஒன்றே: உடலிலே உள்ளதைப் போதாது என்று முதலிலே நம்பச்செய், பிறகு போதுமானதைப் பெட்டியிலே அடைத்து விற்றுவிடு. இந்த ஊசிக்கு முன்னரே களிம்பு நமது வீடுகளுக்குள் வந்துவிட்டது. 1975இலே இந்தியாவிலே இறங்கிய "பெயார் அன்ட் லவ்லி"யின் பெயரிலிருந்து "வெள்ளை" என்ற பொருளுடைய சொல்லை, உலகெங்கும் கறுப்பின மக்களின் எழுச்சி நடந்த 2020இலே, யூனிலீவர் எடுத்துவிட்டது. சொல் போயிற்று, குழாய் கடையிலேயே இருந்தது. அதிலும் மோசமான, பெயரறியாத வெளுப்புக் களிம்புகளிலே சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசம் இருப்பது நமது நாட்டுச் சந்தையிலும் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் பற்றிய மினமாற்றா உடன்படிக்கையிலே இலங்கையும் இணைந்துள்ளது. களிம்போ பயணப்பெட்டிகளிலே வந்துகொண்டுதான் இருந்தது.

இப்பொழுது, கேட்கப்படாத வினாக்களுக்கு வருவோம்.

உதட்டினுள்ளே இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. மூக்கின் ஓரத்திலும் புருவங்களுக்கு இடையிலும் ஓடும் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாய்களோடு தொடர்புடையவை. ஊசிமுனை தவறி ஒரு குழாயினுள்ளே களி சென்றடைத்தால், அதனால் ஊட்டம்பெறும் தசை கருகி அழியலாம்; பார்வை போகலாம்; பாரிசவாதமும் வரலாம். இவை அரிதாகவே நிகழ்வன என்பது மெய். நிகழும்போது அவை ஜூவெடெர்ம் என்றும் ரெஸ்டிலேன் என்றும் பார்ப்பதில்லை என்பதும் மெய். இக்களியைக் கரைக்கும் நொதியமொன்று உண்டு. ஹயலூரோனிடேஸ் என்பது அதன் பெயர். குழாய் அடைபட்டால் அதனைத் தாமதமின்றி ஏற்றுதல் வேண்டும்; தோலைப் பெரும்பாலும் காக்கலாம், இழந்த பார்வையை மீட்பதோ மிக அரிது. ஆகவே ஊசி போடப் போகிறவர் கேட்கவேண்டிய வினாக்கள் இவை: ஊசி பிடிப்பவர் பதிவுபெற்ற வைத்தியரா? முகத்தின் இரத்தக்குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்பதை அவர் எங்கே கற்றார்? கரைக்கும் மருந்து அந்த அறையிலேயே இருக்கின்றதா? நள்ளிரவிலே உதடு வெளிறி நொந்தால் எந்தத் தொலைபேசி எண்ணுக்கு அழைப்பது? எந்தக் கம்பனியின் விளம்பரத்திலும் இவ்வினாக்கள் பெரிய எழுத்திலே வருவதில்லை.

இது நமது நாட்டின் பின்தங்கிய நிலை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். 2013இலே இங்கிலாந்திலே புரூஸ் கியோ தலைமையிலான குழு அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலே, நிரப்பு ஊசி போட்டுக்கொள்பவருக்கு ஒரு பேனையையோ பற்றூரிகையையோ வாங்குகிறவருக்குள்ள பாதுகாப்பிலும் கூடிய பாதுகாப்பு இல்லை என்று கூறப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அழகுக்காக இவ்வூசி போடுவதை அங்கே தடைசெய்தது 2021 ஒக்டோபரிலேதான். அதுவரை பள்ளிக்கூடப் பிள்ளையின் உதட்டிலும் போடலாம் என்றிருந்தது, நாகரிகத்தின் தலைநகர் என்று நமது அண்ணன்மார் சொல்லும் லண்டனிலே! இங்கே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருந்துகளும் மருத்துவ சாதனங்களும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிலே பதிவுசெய்யப்படல் வேண்டும். சேலைகளுக்கும் சொக்கலேற்றுக்கும் இடையிலே வந்திறங்கும் ஊசிக்கு எந்தப் பதிவு?

இன்னொன்று. அப்பெட்டியினுள்ளே மடித்து வைத்திருக்கும் தாள் ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும் இருக்கின்றது. சம்மதப் பத்திரம் என்று நீட்டப்படும் கடதாசியும் ஆங்கிலத்திலே இருந்தால், அதனை வாசியாமலே கையொப்பமிடுகிறவள் எதற்குச் சம்மதித்தாள்? எந்த மண்ணிலே இது நடக்கின்றது என்பதை எண்ணும்போதுதான் நமக்கு வயிறு எரிகின்றது. வட்டுக்கோட்டை என்றதும் 1976ஆம் ஆண்டுத் தீர்மானத்தை மட்டும் நினைப்பவர்கள், 1823இலே இங்கே தொடங்கிய செமினரியையும் நினைக்கவேண்டும். 1847இலே யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் இளைஞருக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் சத்திரசிகிச்சை நூல்களையும் மாணவரைக்கொண்டு தமிழாக்கினார். அவர் வந்த நோக்கம் மதம் பரப்புதல் என்பதை நாம் அறிவோம். ஆயினும் நோயாளியின் மொழியிலே வைத்தியம் பேசலாம் என்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவர் செய்து காட்டிவிட்டார். நரம்பையும் நாடியையும் தமிழிலே எழுதிய ஊரிலே, உதட்டிலே ஏற்றும் களியைப் பற்றி நாலு வரி தமிழிலே இல்லை.

இங்கே இருவர் எழுந்து நம்மை மறிப்பர்.

முதல்வர் பண்பாட்டுக் காவலர். "பார்த்தீர்களா, பெண்கள் கெட்டுவிட்டார்கள், மேலைநாட்டு மோகம்" என்பார். ஐயா, சற்றே பொறுங்கள். கலியாணத் தரகரிடம் முதலிலே படத்தைக் கேட்டது யார்? "பொம்பிளை கொஞ்சம் நிறம் குறைவாம்" என்று குறிப்பைத் திருப்பியனுப்பியது எந்த மேலைநாட்டவன்? பத்திரிகையின் மணமகள் தேவைப் பத்தியிலே சாதியை முதலிலும் நிறத்தை அடுத்தும் அச்சிடுவிப்பது யார்? நிறம் குறைந்தால் சீதனம் கூடும், வயது கூடினால் டொனேசன் கூடும் என்ற வாய்ப்பாட்டை வகுத்தது பாரிஸ் நகரத்துக் கம்பனி அன்று, நமது திண்ணை. கம்பனி செய்ததெல்லாம் அந்த வாய்ப்பாட்டைப் படித்தறிந்து அதற்கேற்ற சரக்கை அனுப்பியதே. முப்பத்திரண்டு வயதிலே வரன் தேடும் பெண் முகத்திலே ஊசி போடுவாளாயின், அவள் அழகுப் பித்துப் பிடித்தவள் அல்லள், கணக்குத் தெரிந்தவள். ஊசியின் விலையையும் சீதனத்தின் விலையையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பார்க்கத் தெரிந்தவள். அவள்மீது கல்லெறிய இந்தக் காவலருக்கு உரிமையில்லை.

நம் வாசகர்களுட் பலர் ஆசிரியர்கள். பலர் நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்கள். பட்டதாரி ஆசிரியனுக்கு, அரசாங்க உத்தியோகம் என்ற காரணத்தால், கலியாணச் சந்தையிலே நிலையான விலை உண்டு என்பது யாரும் அறியாத இரகசியமன்று. மேடையிலே சுரண்டலைப் பற்றி முழங்கிவிட்டு, வீட்டிலே "எல்லாம் அம்மா ஐயாவின்ரை விருப்பம்" என்று தலைகுனிந்து அவ்விலையை வாங்குகிற தோழர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் வாங்கும் ஒவ்வொரு இலட்சமும் யாரோ ஒரு பெண்ணின் முகத்தின் மீது ஏற்றப்படும் வட்டி. இதனை வாசித்துச் சினப்பவர் சினக்கட்டும்.

இரண்டாமவர் நவீனர். "அவளது உடல், அவளது தெரிவு. உங்களுக்கென்ன?" என்பார். இவரோடு நமக்குப் பாதி உடன்பாடு உண்டு. எந்தப் பெண்ணின் கையையும் பிடித்துத் தடுக்க நாம் வரவில்லை. ஊசி போட்டவளை ஏளனம் செய்யும் இளைஞர் கூட்டத்தையும் நாம் வெறுக்கின்றோம். ஆனால் தெரிவு என்ற சொல்லை இவ்வளவு மலிவாக விற்க நாம் இடங்கொடுக்கமாட்டோம். இரண்டு ஊசிகளுள் ஒன்றை எடுக்கலாம் என்பது தெரிவு. இரண்டையும் எடாமலிருந்தால் விலை குறையாது என்ற நிலை இருந்தாலன்றோ அது சுதந்திரம்? வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலே ஆசிரியராயிருந்த ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் 1924இலே தொடங்கிய மாணவர் காங்கிரசே பின்னர் வாலிபர் காங்கிரசாயிற்று. 1931இலே அவர்கள் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுவே தாக்கல் செய்யப்படவில்லை. அதன் அரசியற் பலாபலன் பற்றி இன்றும் வாதம் உண்டு. அவ்வாதத்துக்குள் இங்கே நுழையவேண்டியதில்லை. தந்த பட்டியலுள் ஒருவரைத் தெரிவதே சுதந்திரம் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதே நமக்கு வேண்டியது.

அன்றியும், இது ஒருமுறை தெரிந்து முடியும் காரியமும் அன்று. களி மாதங்களிலே கரையும், மீண்டும் போடவேண்டும். நமது தேசவழமையிலே ஒற்றி என்றொரு முறை உண்டு. காணியை ஒற்றிவைத்தவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும். முகத்தை இவர்களிடம் ஒற்றிவைத்தவளுக்கு மீட்சி எது? கொடுக்கக் கொடுக்கத் தவணைதான் நீளும்.

தமிழ் படித்தவர்கள் என்ற முறையிலே ஒரு சொல். பழந்தமிழ்ப் பாட்டுகளிலே தலைவியின் அழகாகப் போற்றப்படுவது மாமை, மாந்தளிரின் நிறம். அவள் வெளிறுவதற்குப் பசலை என்று பெயர். அது பிரிவால் வரும் நோய். வெளுப்பை நோயென்று கண்ட மரபின் பேரப்பிள்ளைகள் நாம்! (அந்தப் புலவர்களும் பெண்ணின் உறுப்பைப் பட்டியலிட்டவர்களே என்று தோழியர் சொல்வாராயின் அதையும் ஏற்போம்.) ஆனால் நம்முடைய பொருளுக்கு அதனிலும் நெருங்கியது புறநானூற்றின் 191ஆம் பாட்டு. ஆண்டு பலவாகியும் நரை தோன்றாதது எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் விடை சொல்கிறார். மனைவியும் மக்களும் நல்லவர்கள், ஏவலாளர் மனமறிந்தவர்கள், அரசன் தீமை செய்யாது காக்கின்றான், ஊரிலே சான்றோர் பலர் இருக்கின்றனர் என்கின்றார். மூப்பு முகத்திலே வருவதற்கு வீடும் ஊரும் அரசும் காரணம் என்பதை அந்த மனிதர் எவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கின்றார்!

அந்தக் கண்ணோடு நமது பெண்களின் முகங்களைப் பாருங்கள். வழுக்கையாற்று வெளி வயல்களிலே வெயிலிலே களை பிடுங்குகிறவளின் நெற்றிக் கோடு எங்கிருந்து வந்தது? காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியிலே வைத்துக்கொண்டு 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சி வீதியோரத்திலே அமர்ந்தார்களே தாய்மார், அவர்கள் கண்ணின் கீழே விழுந்த சுருக்கத்தை எந்தக் களி நிரப்பும்? 2022இலே நாடு கடன் கட்ட வழியின்றி நின்றபோது, பேராதனைப் போதனா வைத்தியசாலையிலே மருந்தில்லாமையால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்த ஆண்டிலே மருந்துக் கடைகளின் வாசலிலே அலைந்த முகங்களிலே ஏறிய வயதுக்கு யார் பொறுப்பு? பிசிராந்தையாரைக் கேட்டால் அரசனைக் காட்டுவார். கம்பனியோ கண்ணாடியைக் காட்டுகிறது.

ஆகவே நமது வாசகர்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்கின்றோம். ஒன்று, சீதனம் வாங்கேன் என்று வாயாற் சொல்வதோடு நில்லாமல், பெண்ணின் படத்தையும் நிறத்தையும் கேட்டு வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுதல். இதனைச் செய்யவேண்டியவர் ஆண்கள். மற்றது, எழுத்து வேலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே 1978 முதல் மருத்துவபீடம் இருக்கின்றது; தமிழ்த்துறையும் இருக்கின்றது. அங்கே படிக்கும் நம் மாணவ நண்பர்கள் கூடி இருந்தால் நாலு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றை ஒரு மாதத்திலே எழுதிவிடலாம். களி எது, குழாய் அடைபட்டால் அறிகுறி எது, கரைக்கும் மருந்து எது, பதிவுபெற்ற வைத்தியர் என்பதை எப்படி அறிவது, உடனே எந்த வைத்தியசாலைக்கு ஓடுவது என்பனவெல்லாம் அதிலே இருக்கட்டும். ஊசி போடாதே என்ற உபதேசம் ஒரு வரியும் வேண்டாம். உபதேசம் கண்டால் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் தாளை விசிறியாக்கிவிடுவார்கள். முதற் பக்கத்திலே, எந்த ஊசி நல்ல ஊசி என்று கேட்கிறவளுக்கு, அவள் கேட்கவேண்டிய அந்த நான்கு வினாக்களையும் பெரிய எழுத்திலே போடுங்கள். அச்சுக்கூலி பற்றிக் கவலை வேண்டாம். ஆசிரியர் அறையிலே தேநீர்க் காசு சேர்க்கும் தகரப் பேணியை ஒரு மாதம் இதற்கென்று ஒதுக்கினாலே ஆயிரம் பிரதி அடிக்கலாம்.